கம்பளிப்புழுவைப் படமெடுத்தவர்

நாமக்கல் பக்கம் எங்கள் கடலைக்காட்டைக் கம்பளிப்புழு மொட்டையடித்த வருஷம், விவசாய இலாகாவிலிருந்து ஒல்லியான ஒருவர் அதைப் படமெடுக்க வந்தார். காமிராவைச் செடிக்கருகே வைத்துவிட்டு, படமெடுக்கையில் பளிச்சிடும் பல்பு விளக்கைத் தனியாக என்னிடம் கொடுத்துப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னார். அந்தப் பல்பு ஒருமுறைதான் எரியும். அவரிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

விளக்கின்மேல் தன் கைக்குட்டையைக் கட்டினார்.

“பயிரைத் திங்கற புழுவுக்கு மறைப்பு எதுக்குங்க?” என்று கூச்சத்தோடு கேட்டேன்.

“இத்தனை கிட்டத்துல வெறும் வெளிச்சம் பட்டா வெளுத்துப் போயிருமுங்க. அதோட அழகு தெரிய வேண்டாமுங்களா?”

விளக்கு பளீரென்று வெட்டியது.

பத்தாம் நாள் தபாலில் படம் வந்தது. உள்ளங்கையளவுப் புழு, ஒவ்வொரு ரோமமும் தனித்தனியே மின்னியது. எங்கள் சோற்றைத் தின்றது இதுவா என்று மலைத்துப் போனேன்.

மறுநாளும் புழு பொறுக்கத்தான் போனேன். அந்த மனிதரின் நினைப்பில், முதல் புழுவை நசுக்க வெகுநேரம் ஆயிற்று.