பூட்டிய மண்டபமும் கொழுந்து மடுவமும்: கலஹாவில் தங்கள் கதையைத் தாங்களே எழுதும் பெண்கள்

இந்த முறை நான் கண்டிக்குப் போனது வாவியைப் பார்க்கவோ மாளிகையைப் பார்க்கவோ அல்ல. என் வலைப்பூவை வாசிக்கும் ஃபஸ்மியா என்பவர் மாசி மாதத் தொடக்கத்தில் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அலவத்துகொடையில் தையல் கடை வைத்திருப்பவர். “தர்சினி, உங்கட கட்டுரைகள்ல அருவி எவ்வளவு உயரம், பஸ் எத்தனை மணிக்கு, எல்லாம் ஈக்குது. நீங்க யாரு, ஏன் தனியாவே போறீங்க, அது ஒண்டும் இல்ல. எங்கட வட்டத்துக்கு ஒருக்கா வாங்க” என்று எழுதியிருந்தார். கண்டியைச் சுற்றியுள்ள ஏழெட்டுப் பெண்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடி, தங்கள் வாழ்க்கையில் நடந்ததை எழுதி, ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுகிறார்களாம்.

வவுனியாவில் என் அக்கா சிரித்தா. “பொம்பிளையள் கூடியிருந்து அழுறதைப் பாக்கக் கண்டிக்குப் போக வேணுமே? அதை இஞ்சயே பாக்கலாமே.” நான் பையைக் கட்டினேன். அக்காவும் இதை வாசிப்பா என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்: அங்கே ஒருவரும் அழவில்லை.

வவுனியாவிலிருந்து கண்டி போகும் பஸ் தம்புள்ளை, மாத்தளை வழியாக வருவதால் அலவத்துகொடைக்குப் போகக் கண்டி வரை போகத் தேவையில்லை. மாத்தளை தாண்டியதும் நடத்துனரிடம் சொல்லி வையுங்கள். சனிக்கிழமை காலை ஏறினேன், பகல் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஃபஸ்மியா வீதியோரம் குடையோடு நின்றார். ஐம்பது வயதிருக்கும், வேகமான நடை. அவருக்குப் பின்னால் நடக்க நான் கொஞ்சம் ஓட வேண்டியிருந்தது.

அன்று பின்னேரம் தேத்தண்ணி குடித்தபடி அவர் எழுதிய முதல் கதையைப் பற்றிக் கேட்டேன். 2018இல் கண்டிப் பக்கத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் அவர்களுடைய பழைய கடை எரிந்திருந்தது. “கடை எரிஞ்சத எல்லாரும் எழுதின. பேப்பர்ல வந்த, டீவில வந்த. நான் அத எழுதல்ல. அதுக்குப் பொறகு எங்கட ஊட்டு ஆம்புளையள் அறைக்குள்ள கதவ மூடிக்கொண்டு அழுதத எழுதின. மச்சினன்மாருக்குச் செரியான கோபம். ‘எங்கள ஏன் அழவெச்ச’ண்டு கேட்ட. நான் அழவெக்கல்ல, நீங்கதான் அழுதீங்க, நான் பாத்த, அவ்வளவுதான் எண்டு சென்ன.” அவருடைய கணவர் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். “உண்மதான்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

வட்டத்துக்கு இரண்டே விதிகள்தான். எழுதுகிறவள் ‘நான்’ என்றே எழுத வேண்டும். கேட்கிறவர்கள் ‘பாவம்’ என்று சொல்லக் கூடாது.

இந்த மாதச் சந்திப்பு கலஹாவில். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சரோஜாவின் முறை. தோட்டத்துப் பொது மண்டபத்தை அவர் கேட்டு வைத்திருந்தார். முதல் தடவையாக வட்டத்துக்கு வெளியே உள்ள பெண்களையும் அழைத்திருந்தார். ஞாயிறு காலை ஃபஸ்மியாவும் நானும் புறப்பட்டோம். அலவத்துகொடையிலிருந்து கண்டி பதினைந்து கிலோமீற்றர் சொச்சம்தான். ஆனால் அக்குறணைக் கடைவீதியில் நெரிசல் இருந்தால் ஒரு மணித்தியாலம் ஆகும். கண்டியில் பஸ் தரிப்பிடங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. பழைய கட்டுரைகளை நம்பாமல் (என்னுடையதையும்தான்) கேட்டு ஏறுங்கள். கலஹா பஸ் பேராதனை வரை மட்டமாகப் போய், ஹிந்தகலைக்குப் பிறகு மலை ஏறத் தொடங்கும். இடப்பக்க யன்னல் கிடைத்தால் விடாதீர்கள்.

கலஹா சந்தியில் ஓட்டோக்காரரிடம் தோட்டத்துப் பெயரைச் சொன்னோம்.

“எழுதுற கூட்டத்துக்கா போறீங்க?” என்றார். “மண்டபம் பூட்டியிருக்குங்க. சாவி வச்சிருக்கிறவரு காலையிலயே ஊருக்குப் போயிட்டாராம்.”

“எந்த ஊருக்கு?” என்றார் ஃபஸ்மியா.

“அது தெரியலங்க. இப்பதான் இங்க ரொட்டிக் கடையில டீ குடிச்சிட்டு இருந்தாரு.”

மண்டபத்து வாசலில் சரோஜா நின்றார். ஒல்லியான உடம்பு, நாற்பத்தைந்து வயதுக்குள். வெளுத்த நீலச் சேலை. அவரோடு வட்டத்துப் பெண்கள் ஐந்து பேர். கொஞ்சம் தள்ளி, வருவதா திரும்புவதா என்று தெரியாமல் தோட்டத்துப் பெண்கள் இருபது பேராவது நின்றார்கள். கதவில் புதுப் பூட்டு. நடந்தது இதுதான்: சரோஜாவின் அண்ணன் சந்திரன் கண்டியில் ஒரு பாடசாலையில் ஆசிரியர். தோட்டத்தில் அவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம். தங்கை என்ன வாசிக்கப் போகிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மண்டபத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்.

“எங்கட ஊட்டுக்குப் போவோம். மேல் மாடி சும்மாதான் ஈக்குது” என்றார் ஃபஸ்மியா.

சரோஜா தலையை ஆட்டினார். “இவ்வளவு பேரையும் பஸ்ல ஏத்தி எங்க கூட்டிட்டுப் போறது அக்கா? இவங்க கேக்கணும்னுதான் நான் எழுதினேன். வாங்க, மடுவத்துக்குப் போவோம். அத யாரும் பூட்ட முடியாது.”

கொழுந்து மடுவம் என்பது பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுக்கும் கொட்டகை. தகரக் கூரை, நான்கு பக்கமும் திறந்தது. வாரநாட்களில் பெண்கள் அங்கே வரிசையில் நின்று, நிறை குறைத்துப் போடுகிறார்கள் என்று முணுமுணுப்பார்களாம். ஞாயிறு என்பதால் கொட்டகை வெறுமையாக இருந்தது. சாக்குகளை விரித்து உட்கார்ந்தோம். திரும்பிப் போக நினைத்தவர்களும் கூடவே வந்துவிட்டார்கள். பூட்டு எங்களுக்கு நல்லதுதான் செய்தது. மண்டபத்துக்குள் வரக் கூச்சப்படுகிறவர்கள் மடுவத்துக்கு வரக் கூச்சப்படவில்லை.

முதலில் புதியவள் என்று என்னை வாசிக்கச் சொன்னார்கள். முதல் நாள் இரவு எழுதிய அரைப் பக்கம்தான். அதை இங்கேயும் எழுதுகிறேன். நான் தனியாகப் பயணம் செய்வதற்குக் காரணம் உண்டு. என் திருமணத்திலிருந்து நானே வெளியேறினேன். ஒருவரும் என்னைக் கைவிடவில்லை. சாப்பாட்டு மேசையில் நான் பேசத் தொடங்கினால் அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். எட்டு வருடம் அப்படி. “அடிச்சவரோ? குடிச்சவரோ?” என்று எல்லாரும் கேட்டார்கள். இல்லை. சத்தத்தைக் கூட்டினார். எனக்கு அது போதும். வாசித்து முடித்ததும் சாக்கில் இருந்த ஒரு பெண், “போதும்தான்” என்றார்.

அப்போதுதான் மோட்டார் சைக்கிள் வந்தது. சந்திரன் மாஸ்டர் இறங்கி, தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி மடுவத்தின் ஓரத்தில் நின்றார். நரைத்த, கண்ணியமான மனிதர். மழை தூறத் தொடங்கியிருந்தும் கூரைக்குள் வரவில்லை.

“சரோ, கொஞ்சம் இங்க வா.”

“இங்கயே சொல்லுங்கண்ணே. எல்லாரும் நம்ம ஆளுங்கதான்.”

அவர் எங்களைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். “நீ எழுதுறத நான் வேணாங்கல. ‘ஒரு பொண்ணு’ன்னு எழுது. அது யாருக்கும் நடந்திருக்கலாம்ல?”

“யாருக்கும் நடக்கலண்ணே. எனக்கு நடந்துச்சு.”

“என் மகளுக்கு சம்பந்தம் பேசியிருக்கோம்னு தெரியும்ல. மாப்பிள்ளை வீட்டுல கேட்டா நான் என்ன சொல்றது?”

“இப்ப என்ன சொல்லியிருக்கீங்க? தங்கச்சி கொழும்புல மாமா வீட்டுல இருந்து படிச்சான்னு. நமக்குக் கொழும்புல ஏதுண்ணே மாமா?”

பின்னால் யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார். மாஸ்டரின் குரல் தாழ்ந்தது. “பேரையாவது போடாத, சரோ. அது மட்டும்தான் கேக்குறேன்.”

சரோஜாவின் குரல் உயரவில்லை. “நான் வேலைக்கு இருந்த வீட்டம்மாவோட மகளுக்கும் சரோஜான்னு பேரு. அதனால எனக்கு கீதான்னு பேரு வச்சாங்க. ஏழு வருஷம் நான் கீதா. இப்ப நீங்களும் பேரக் கேக்குறீங்க. இந்த வாட்டி குடுக்க மாட்டேன்.”

சரோஜா திரும்பித் தாளை விரித்தார்.

“நான் சரோஜா. பன்னிரண்டு வயதில் என்னைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள்” என்று தொடங்கினார். அண்ணன் பரீட்சையில் தேறிய வாரம். இரண்டு பேரையும் படிக்க வைக்க முடியாது என்று அப்பா சொன்னது. தன் பள்ளிச் சப்பாத்தை அம்மா பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தது. பஸ் ஏறும்போது அண்ணன் தன்னைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பி நின்றது. “அண்ணனுக்கும் அப்போது பதினான்கு வயதுதான். அவர் அனுப்பவில்லை. ஆனால் பிறகு வளர்ந்தார், வாத்தியார் ஆனார், நான் படித்ததாகச் சொன்னார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை” என்று வாசித்தார்.

அந்த வரியில் மோட்டார் சைக்கிள் கிளம்பும் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. மாஸ்டர் மழையில் நின்றே கேட்டார். கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டு, தலைக்கவசத்தைக்கூடப் போடாமல் போனார். மடுவத்தில் எவரும் ‘பாவம்’ என்று சொல்லவில்லை. வயதான ஒரு பெண் மட்டும், “என்னைய நுவரெலியாவுக்கு அனுப்புனாங்க. எனக்கு அவங்க பேரே வைக்கல, ‘ஏய்’தான்” என்றார். ஃபஸ்மியா அவரிடம் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். எழுதத் தெரியாது என்றார் அவர். “செல்லுங்க, நான் எழுதுறேன்” என்று ஃபஸ்மியா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கடைசி பஸ்ஸை நாங்கள் ஓடிப் பிடிக்க வேண்டி வந்தது அதனால்தான்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கலஹா பக்கம் பின்னேர மழை நிச்சயம், குடை எடுங்கள். திரும்பும் பஸ் ஞாயிறுகளில் குறைவு. ஐந்து மணிக்கு முன்னர் சந்திக்கு வந்துவிடுங்கள். அலவத்துகொடையிலிருந்து போய் வர, பஸ்ஸும் ஓட்டோவும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கட்டணம் மாறியிருக்கலாம். எழுத்து வட்டம் வேடிக்கை பார்க்கும் இடம் அல்ல. படம் எடுக்க விடமாட்டார்கள், வாசிக்காமல் உட்கார்ந்திருக்கவும் விடமாட்டார்கள். நான் இங்கே எழுதியதெல்லாம் அவர்கள் வாசித்துச் சம்மதித்த பிறகு வருகிறது. பெயரை மாற்றவா என்று நானும் மரியாதைக்குக் கேட்டேன். சரோஜா போனிலேயே சிரித்தார்.

உங்கள் ஊரில் ஒரு வட்டம் தொடங்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. மண்டபம் தரமாட்டார்கள், அதை முதலிலேயே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். குடும்ப மானம் போகும் என்பார்கள். உங்கள் வாயை மூடித்தான் அந்த மானத்தைக் காப்பாற்ற முடியும் என்றால், அதைக் காப்பாற்றுவது உங்கள் வேலை அல்ல.

போன வாரம் சரோஜா பேசினார். அண்ணன் மகளின் நிச்சயதார்த்தம் நடந்து முடிந்ததாம். சரோஜாவுக்கு அழைப்பு வரவில்லை. அன்று வீட்டில் இருந்து கதையின் இரண்டாம் பாகத்தை எழுதினாராம். அதற்கடுத்த ஞாயிறு அண்ணன் மகள் தனியாக பஸ் ஏறி லயத்துக்கு வந்திருக்கிறாள். கட்டிலில் உட்கார்ந்து, “அத்தை, அந்த வீட்டுல நீங்க எங்க படுத்தீங்க?” என்று கேட்டாளாம்.

“சமையக்கட்டுல, அரிசி மூட்டைக்குப் பக்கத்துலன்னு சொன்னேன்” என்றார் சரோஜா. “இத்தன வருஷத்துல எங்க வீட்டுல ஒருத்தரும் அத கேக்கலங்க. அவ இருட்டுற வரைக்கும் இருந்து கேட்டுட்டுத்தான் போனா.”