கீல் என்று கேட்டால் ஆணி தருவார்கள்

போர்ட் பிளேயரில் கடைக்குப் போய்க் கீல் என்று கேட்டால் ஆணி தருவார்கள். நல்ல ஆணியாகவே தருவார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கதவையும் நிலையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கதவைத் திறக்கவும் மூடவும் விடுகிற சாமானைத்தான் நாம் கீல் என்கிறோம். இந்தியில் கீல் என்றால் சுவரில் அடிக்கிற ஆணி. இது தெரியாமல் என் வீட்டுக்காரர் வந்த புதிதில் வீடு வீடாகப் போய் "கீல் கராப் ஹை", அதாவது கீல் கெட்டுவிட்டது என்று சொல்ல, அவர்களும் பாவம் பார்த்து வீட்டில் இருக்கிற ஆணியைத் தேடி எடுத்துக் கொடுக்க, மனுஷன் மறுத்துப் பேசத் தெரியாமல் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவார். புரோத்ராபூரில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில் அந்த ஆணிகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. வத்தலக்குண்டில் இருக்கும் என் அம்மாவுக்குப் போனில் சொன்னேன். "கேக்காமலே ஆணி குடுக்குறாங்களா? நல்ல சனங்கதான் போல. வரும்போது நாலு எடுத்துட்டு வா, காலண்டர் மாட்டணும்" என்றாள்.

எங்கள் பிழைப்பு இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களும் கதவுகளும். புதிதாக மாட்டுவது குறைவு. கெட்டுப்போனதைச் சரிசெய்வதுதான் அதிகம். இரண்டு கண்ணாடிக்கு நடுவே காற்றை அடைத்து, வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டத்தில் பொருத்தியிருப்பார்கள். மழைச் சத்தம் கேட்காது, விமானச் சத்தம் கேட்காது, ஏசிக் குளிர் வெளியே போகாது. ஆனால் கடல் காற்று சும்மா இருக்குமா? திருகாணியைத் தின்னும், பூட்டுக்குள் உப்பைக் கொண்டுபோய் வைக்கும், கைப்பிடியைக் கையோடு வரவைக்கும். ஊரில் எங்கள் வீட்டுக் கதவு காலையில் திறந்தால் ராத்திரி படுக்கும்போதுதான் சாத்துவோம். அந்த வீட்டில் பிறந்தவள், காற்றுப் புகாத கதவை நம்பி இங்கே அரிசி பருப்பு வாங்குகிறேன். அதுவும் திண்டுக்கல் பக்கம் என்று சொல்லிவிட்டால் போதும், பூட்டுக்காரக் குடும்பம் என்று இங்குள்ள தமிழர்கள் முடிவே கட்டிவிடுகிறார்கள். என் அப்பா வாழைக்காய் வியாபாரி. சொன்னால் யார் நம்புகிறார்கள்?

போன் எடுப்பது என் வேலை. அரைகுறை இந்தியை வைத்துக்கொண்டு நான் எடுத்த முதல் போனை நினைத்தால் இப்போதும் தனியாக இருக்கும்போது சிரிப்பு வருகிறது. ஒரு பெரியவர் "ஹமாரா கப்ஜா டூட் கயா" என்றார். டூட் கயா என்றால் உடைந்துவிட்டது என்று தெரியும். கப்ஜா? நம் ஊரில் கப்சா விடுகிற ஆட்களை எனக்கு நிறையத் தெரியும். கப்சா உடைந்துபோனது, சரிசெய்ய ஆள் அனுப்பு என்று கேட்டவர் அவர்தான் முதல் ஆள். யாரோ வெட்டிப்பயல் விளையாடுகிறான் என்று "ஜூட் மத் போலோ", அதாவது பொய் சொல்லாதே என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடி அடித்தார். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்காவிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்தி, "கப்ஜாவா? அடுத்தவன் நிலத்தை வளைச்சுப் போடுறது" என்றாள். எனக்குப் பகீர் என்றது. பெரியவர் மூன்றாம் முறை அடித்தபோது, இதற்கெல்லாம் நாங்கள் வர முடியாது, போலீசுக்குப் போங்கள் என்று ஆறுதலாகச் சொன்னேன். அவர் போலீசுக்குப் போகவில்லை, நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் துருப்பிடித்த ஒரு கீலைப் பிடித்துக்கொண்டு. அன்றைக்குத்தான் தெரிந்தது, இங்கே கீலுக்குப் பெயர் கப்ஜா. ஆக்கிரமிப்புக்கும் அதுவே பெயர். ஒரே வார்த்தை, இரண்டு வேலை.

இவ்வளவு கதையும் எதற்கென்றால், அந்த ஒரு வார்த்தையில் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் வேலையாக மாயாபந்தர் போயிருந்தார். அது வடக்கே, ஒரு பகல் பயணம். காலையில் போன் வந்தது. குட்வில் எஸ்டேட்டில் இருக்கும் முத்தையா அண்ணன். இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்து, சின்னப் பிள்ளையாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டி வளர்ந்தவர். சிறுகச் சிறுகச் சேர்த்து இங்கே வீடு கட்டினார். அவர் மகள் தேவிகாவுக்கு அன்று வீட்டிலேயே கல்யாணம். "தங்கச்சி, பிள்ள உள்ள மாட்டிக்கிட்டா. மாடி ரூம் கதவு தொறக்கமாட்டேங்குது. முகூர்த்தம் நெருங்குது. ஒடனே வா தாயி" என்றார். அழுகிற குரல். நான் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். வீட்டுக்காரரோடு போய் எத்தனையோ கதவைத் தாங்கிப் பிடித்திருக்கிறேன், தனியாகப் போவது அதுதான் முதல் தடவை. பயமாகவும் இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் ஜாலியாகவும் இருந்தது.

மொட்டை மாடியில் பாதிக் கல்யாணக் கூட்டம் நின்றது. மாடி அறைக்கு ஒரே வாசல், உள்பக்கமாகத் திறக்கிற இரட்டைக் கண்ணாடிக் கதவு. பெண்ணின் மேக்கப் வியர்வையில் ஓடக்கூடாது என்று ஏசி இருந்த அந்த அறையில் அலங்காரம் செய்திருக்கிறார்கள். அலங்காரம் முடித்த பெண்கள் கீழே போக, தேவிகா கதவைச் சாத்திவிட்டுத் திரும்பத் திறந்தால், கைப்பிடி அவள் கையோடு வந்துவிட்டது. அவளுடைய போன் கீழே, படம் எடுக்கிறேன் என்று வாங்கிப் போன சித்தி மகளிடம். ஜன்னல் எல்லாம் திறக்காத கண்ணாடி. தேவிகா அரக்குப் பட்டில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வாயை வாயை அசைக்கிறாள், எங்களுக்கு ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. இரட்டைக் கண்ணாடியின் அருமை பெருமையை அன்றைக்கு எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். "தண்ணி கேக்குறா" என்றாள் ஒருத்தி. "பூ வாடிருச்சாம்" என்றாள் இன்னொருத்தி.

மாப்பிள்ளை தபன், மாயாபந்தர் பக்கத்து வங்காளிப் பையன். அவனுடைய அம்மாவை எல்லோரும் மாசிமா, அதாவது சித்தி, என்று கூப்பிட்டார்கள். அந்தம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் அரை மனசுதான் என்று படியேறும்போதே எனக்குக் காதில் ஓதிவிட்டார்கள். மகன் பிடிவாதத்துக்காக வந்திருக்கிறார். இப்போது கைகளைக் கட்டிக்கொண்டு, "லட்கி கோ ஷாதி நஹி கர்னா ஹை க்யா?" என்று கேட்டார். பெண்ணுக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லையா என்று. முத்தையா அண்ணன் பதறிப்போய், "நஹி நஹி, கீல் கராப், கீல்" என்றார். போச்சு. என் வீட்டுக்காரர் செய்த அதே தப்பு. ஆணி கெட்டுப்போனதால் கல்யாணப் பெண் வெளியே வரவில்லையா என்று மாசிமாவின் முகம் இன்னும் இறுகியது.

நான் வெளிப்பக்கக் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தேன். பாதி திரும்பி நின்றது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "பூட்டா, கீலா?" என்றார். "தெரியலங்க. கீல் உள்பக்கம் இருக்கு." "தெரியாமக் கை வைக்காத. பூட்டுன்னா துளைக்கணும், துளைச்சா கதவு போச்சு. கீல் எறங்கியிருந்தாத் துளைச்சும் தொறக்காது. கதவைத் தூக்கிக் குடுக்கணும். எதுன்னு மொதல்ல பாரு." எப்படிப் பார்ப்பது? கண்ணாடியை உடைத்துவிடலாம் என்றான் தபன். முத்தையா அண்ணன் குறுக்கே நின்றுவிட்டார். கல்யாணத்தன்னைக்கு வீட்டில் கண்ணாடி உடைவதா என்று. நான் தேவிகாவைப் பார்த்து, உள்ளே எது கெட்டிருக்கிறது என்று கையால் கேட்டேன். கெட்டிக்காரி, புரிந்துகொண்டாள். கதவோரத்தைக் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள். லிப்ஸ்டிக்கை எடுத்துக் கண்ணாடியில் பெரிய இந்தி எழுத்தாக எழுதினாள். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்து இடம் வலமாகக் கிடந்தது. மாசிமா தலையைச் சாய்த்து எழுத்துக் கூட்டினார். "கப்... ஜா."

 உடனே அவரே, "கப்ஜா? கிஸ்னே கப்ஜா கியா?" என்றார், யார் பிடித்து வைத்தது என்று. பெண்ணை யாரோ பிடித்து அடைத்து வைத்திருக்கிறார்கள், பாவம் அதையாவது எழுதிக் காட்டுகிறாள் என்று நினைத்துவிட்டார். முத்தையா அண்ணனுக்கோ வேறு இடத்தில் பொறி பறந்தது. "யாரு கப்ஜா பண்ணுனது? இது பட்டா நெலம். அங்க இருந்தப்ப இந்தியாக்காரன்னு வெரட்டுனாங்க. இங்க வந்தா சிலோன்காரன், கப்ஜாக்காரன்னு பேசுறாங்க. என் மக கல்யாணத்துலயும் அதே பேச்சா?" என்று நெஞ்சில் அறைந்துகொண்டார். தமிழில்தான் கத்தினார், ஆனால் கப்ஜா என்ற வார்த்தை மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. மாசிமா தபனின் கையைப் பிடித்து, "சலோ" என்றார். தபன் அசையவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் தேவிகா, தான் எழுதிய ஒரு வார்த்தைக்கு வெளியே இத்தனை பேர் ஏன் சண்டை போடுகிறார்கள் என்று புரியாமல் கண் கலங்கி நின்றாள்.

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாத இடம், எனக்குத் தெரியும். ஆனால் அடக்க முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். பையிலிருந்து ஒரு கீலை எடுத்து மாசிமாவின் கையில் வைத்து, "மாசிமா, யே கப்ஜா. சிர்ஃப் யே" என்றேன், இது மட்டும்தான் என்று. முத்தையா அண்ணனிடம், "அண்ணே, கீலு எறங்கிருச்சுன்னு எழுதியிருக்கா உங்க மக. இந்தி ஸ்கூல்ல படிச்ச பிள்ள, வேற எப்படி எழுதும்?" என்றேன். மாசிமா கையிலிருந்த கீலைத் திறந்தார், மூடினார், கண்ணாடியைப் பார்த்தார். 

இனி கதவைத் தூக்க வேண்டும். அதை உள்ளே இருப்பவள்தான் செய்ய முடியும். அறை மூலையில் சீர்வரிசைப் பாத்திரங்கள் அடுக்கியிருந்தது கண்ணாடி வழியே தெரிந்தது. தடிமனான இரும்புத் தோசைத் திருப்பி, பூரிக்கட்டை. திருப்பியைக் கதவுக்கு அடியில் செருகு, அதற்குக் கீழே பூரிக்கட்டையை முட்டுக் கொடு, காம்பை மிதி என்று நான் ஆடிக் காட்டினேன். தோசை சுடுவது போல் செய்தேன். மாசிமா பக்கத்தில் இருந்தவரிடம், "பூக் லகி ஹை க்யா?" என்றார், பசிக்கிறதா என்று. சித்தி ஒருத்தி தோசை எடுத்துவரக் கீழே ஓடியே விட்டாள். தபனும் சேர்ந்து மிதித்துக் காட்டினான், பட்டு வேட்டியோடு, தொம் தொம் என்று. அதைப் பார்த்து தேவிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருப்பியைச் செருகினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மெட்டி இன்னும் ஏறாத காலால் காம்பை மிதித்தாள். கதவு ஒரு மயிரிழை எழும்பியதை என் கை உணர்ந்தது. கைப்பிடியைத் திருப்பினேன். டக்கென்று கொக்கிகள் விலக, கதவு உள்ளே போனது, ஏசிக் குளிரும் மல்லிகை வாசமும் முகத்தில் அடித்தன.

"அம்மி மிதிக்கிறதுக்கு முன்னால தோசைத் திருப்பியை மிதிச்ச மொதப் பொண்ணு எங்க பிள்ளதான்" என்றார் முத்தையா அண்ணன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். முகூர்த்தத்துக்குள் தாலி ஏறியது. கெட்டிமேளம் அடங்கியதும் மாசிமா எழுந்து வந்தார். இன்னும் அந்தக் கீலைக் கையிலேயே வைத்திருந்தார். தேவிகாவின் மணிக்கட்டைப் பிடித்து, முத்தையா அண்ணனைப் பார்த்து, "அப் கப்ஜா மேரா" என்றார். இனி இவள் என் வசம். முத்தையா அண்ணன் ஒரு நொடி விழித்தார், பிறகு அந்தம்மாவின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்த வார்த்தைக்கு அவர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். கீலை மாசிமா திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு நாலு ஆணி கொண்டுபோனேன், காலண்டர் ஏறியது. அடுக்களைக் கதவு தொங்கிக் கிடந்தது. வத்தலக்குண்டு இரும்புக்கடையில் போய், யோசிக்காமல், "ரெண்டு ஜோடி கப்ஜா குடுங்க" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யக்கா, கப்சாவெல்லாம் நாங்க விக்கிறதில்ல. நல்ல கீல் இருக்கு, வேணுமா?" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. அங்கே கீல் என்று கேட்டு ஆணி வாங்குகிறேன், இங்கே கப்ஜா என்று கேட்டுப் பேச்சு வாங்குகிறேன். ஒரு ஜோடியை அம்மா வீட்டில் மாட்டினேன். இன்னொரு ஜோடியைக் கப்பலில் கொண்டுவந்து புரோத்ராபூர் வீட்டு அடுக்களைக் கதவில் மாட்டினேன்.

போன வாரம் அம்மாவிடம் பேசும்போது மாசிமா சொன்னதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அது சரி, நீ இப்ப யாரு கப்ஜாவுல இருக்க? எங்கிட்டயா, அந்த ஊர்ட்டயா?" என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போது காற்றுக்கு ஒரு கதவு கிறீச் என்றது.

"அது நம்ம வீட்டுக் கதவா, ஒங்க வீட்டுக் கதவா?" என்று கேட்டாள் அம்மா.

இரண்டும் ஒரே கடைக் கீல். எனக்கும் தெரியவில்லை. போனைக் காதில் வைத்தபடி எழுந்து போய்ப் பார்த்தேன்.