நூலில் கோர்த்த பிளாப்பி

பிள்ளைகளே, போன வாரம் பழைய போன் உடைந்து, அதிலிருந்த படமெல்லாம் புதுப் போனில் தானாக வந்து நின்றபோது நான் சாப்பாட்டை விட்டு எழுந்து வந்து பார்த்தேன். அப்பாவுக்கு எதைப் பார்த்தாலும் அதிசயம்தான் என்று சிரித்தீர்கள். சிரியுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த அதிசயம் என்னை எப்போது பிடித்துக்கொண்டது என்று உங்களுக்குச் சொன்னதில்லை. பத்தாவதோடு நின்றவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் ஆரணியில் நான் பார்த்தது அட்டை குத்தும் வேலை. கட்டம் போட்ட தாளில் மயில் வரைந்து தருவார்கள். அதைப் பார்த்து, மை தீட்டிய கட்டத்துக்கு ஒரு துளை என்று கெட்டி அட்டையில் குத்த வேண்டும். தறிக்கு மேலே அந்த அட்டைகள் வரிசையாக ஓடும். துளை இருக்கிற இடத்தில் நூல் எழும், இல்லாத இடத்தில் எழாது. சேலையில் மயில் வந்துவிடும். நூற்றுக்கணக்கான அட்டைகளை வரிசை மாறாமல் கயிற்றில் கோர்த்துத்தான் வைப்போம். ஓர் அட்டை இடம் மாறினாலும் மயிலுக்குக் கழுத்து ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.

என் கையெழுத்து நன்றாக இருந்ததால் பிறகு நெசவாளர் சங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கேதான் சிவப்பு எண் எரிகிற கால்குலேட்டரை முதலில் பார்த்தேன். அழுத்துவதற்கு முன்பே விடை அதற்குள் காத்திருக்கிறதோ என்று தோன்றும்.

எண்பதுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் வந்தது. அதற்காக ஓர் அறைக்கு வெள்ளையடித்து ஏ.சி. போட்டார்கள். எங்கள் தலைக்கு மேலே மின்விசிறி கூட ஒழுங்காகச் சுற்றியதில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனால் குளிரில் கை மயிர் நிற்கும், கருப்புத் திரையில் பச்சை எழுத்து மின்னும். மெட்ராஸிலிருந்து வந்த ஒரு தம்பி பத்து நாள் சொல்லிக் கொடுத்தான். நான் அடிப்பதெல்லாம் பிளாப்பி என்கிற மெல்லிய சதுரத் தட்டில் போய் உட்காரும் என்றான். துளை எங்கே என்று கேட்டேன். குத்துகிற துளையே கிடையாதாம். துளை இல்லாமல் அது எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று அன்றிரவு உங்கள் அம்மாவிடம் கேட்டேன். "அத என்கிட்ட கேட்டா?" என்றாள்.

எந்த ஊரில், எந்த வீட்டுத் தறியில், என்ன கலர் ஓடுகிறது என்று பட்டியல் ஏற்றுவது என் வேலை. மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்ப்பார், பட்டியல் சரியாக வந்தால்தான் மெஷின் எங்களுக்கு, இல்லையென்றால் வேறு ஊர்ச் சங்கத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள் என்று செயலாளர் சொல்லியிருந்தார். ஆறு வாரம் ஒற்றை விரலால் அடித்தேன். நான்கு தட்டு நிறைந்தது. சங்கப் பதிவேட்டில் இல்லாத பக்கத்து ஊர் முள்ளிப்பட்டுக்கு மட்டும் நானே சைக்கிளில் போய், வீடு வீடாகக் கேட்டுத் தாளில் எழுதி வந்து ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். மெஷின் ஞாபகம் வைத்திருக்கும்போது தாள் எதற்கு? ஒவ்வொரு தட்டுக்கும் நகல் எடுத்து வை என்று அந்தத் தம்பி சொல்லியிருந்தான். புதுத் தட்டை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.

நான்கும் மேஜைமேல் சிதறிக் கிடந்தது உறுத்தியது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் வட்டமாக ஓட்டை இருந்ததா, அட்டைக்காரன் கை சும்மா இருக்குமா? கழிவுப் பட்டு நூலை முறுக்கி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாகக் கோர்த்து, இறுக்கி முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் மூன்று தட்டு பேசியது. முடிச்சில் வளைந்துபோன இரண்டாவது தட்டு மட்டும் கரகரவென்று சத்தம் போட்டது, திரையில் ஏதோ ஆங்கிலத்தில் பிழை என்று வந்தது. பத்து தடவை போட்டாலும் அதேதான். முள்ளிப்பட்டு மொத்தமும் அதில்தான் இருந்தது. அதிகாரி வர மூன்று நாள்.

அட்டெண்டர் எட்டிப் பார்த்தார். "இன்னாண்ணா, வெள்ளிக்கிழமைன்னு மிஷினுக்குப் பூச்சரம் கட்டினியா?"

செயலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் நூலோடு தொங்கிய தட்டுகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கோர்த்தது கூடப் போவட்டும்யா. அந்தத் தாளை ஏன் கிழிச்ச?"

"மிஷினை நம்பினேன் சார்."

"மிஷினை நம்பினியே, மிஷின் உன்ன நம்பிச்சே, அது பேஜாராயிடுச்சே. போ, ஜல்தி முள்ளிப்பட்டுக்குப் போ."

அடுத்த இரண்டு நாளும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை தறிச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திக் கேட்டேன். போன முறை சொன்னதையே திரும்பக் கேட்கிறானே என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு வீட்டில் பாவு நூலைப் பிணைத்துக்கொண்டிருந்த அம்மா தலையைக்கூடத் தூக்கவில்லை.

"போன மாசம்தான எழுதிகினு போனீங்க?"

"அழிஞ்சு போச்சுங்க."

"அப்ப உங்க மிஷினும் எங்க வூட்டுக்காரரு மாதிரிதான். சொன்னது மறுநாள் நெனப்பு இருக்காது."

பக்கத்துத் தறியிலிருந்த வீட்டுக்காரர் கேட்காத மாதிரி குறுக்கு நூல் கோர்த்த நாடாவை வேகமாக ஓட்டினார். அந்த அம்மாதான் பிறகு, போன முறை பச்சை, இப்போது அரக்கு என்று தானாகவே திருத்திச் சொன்னார். அப்படிப் பல தறியில் கலர் மாறியிருந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தவன், அதிகாரியின் ஜீப் சத்தம் கேட்டபோதுதான் கடைசித் தறியை ஏற்றி முடித்தேன். இந்த முறை நகலும் எடுத்தேன், இரண்டு.

அதிகாரி உட்காரவில்லை. முள்ளிப்பட்டில் அரக்கு உடம்பு, பச்சைக் கரை எத்தனை தறியில் ஓடுகிறது என்று நின்றபடியே கேட்டார். தந்தி அடிப்பவன் போல ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினேன். மெஷினில் சிறு விளக்கு மினுக்கியது. பிறகு பச்சை எழுத்தில் ஒரு வரி, இன்னொரு வரி என்று பதினோரு வீடு வந்து நின்றது. அந்த அம்மா வீடு ஏழாவது. நான் இரண்டு நாள் தெருத்தெருவாகக் கேட்டு அலைந்தது, ஒரு தும்மல் போடும் நேரத்தில். செயலாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார், எழுந்தது அவருக்கே தெரியவில்லை.

"நகல் இருக்கா?" என்றார் அதிகாரி.

"இப்ப ரெண்டு இருக்கு சார்."

செயலாளர் இருமினார். அதிகாரி பேனாவை எடுத்தார். மெஷின் ஆரணியிலேயே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு நான் மட்டும் இருந்தேன். கெட்டுப்போன தட்டைக் குப்பையில் போட மனசு வரவில்லை. பிளேடால் அதன் கருப்பு உறையின் ஓரத்தை மெதுவாகக் கிழித்தேன். உள்ளே காப்பிப்பொடி நிறத்தில், வெங்காயத் தோல் மாதிரி ஒரு வட்டம். ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். ஒரு ஊரே இருந்த இடம் வழவழவென்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, துளை தேடி ஒரு சுற்று முழுக்க விரலால் தடவினேன்.