கொட்டிவிடச் சொன்ன எச்சில்

எம்.ஏ. தமிழ் முதலாண்டு முடிந்த கோடையில் எனக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. சுனாமிக்கு மறு ஆண்டு நடந்த மருத்துவ முகாம்களில் கடற்கரை ஊர்ப் பெண்களிடம் பெற்ற எச்சில், கோரிமேட்டுப் பக்கம் இருந்த ஓர் ஆய்வகத்தின் குளிர்பெட்டியில் சிறு குழாய்களாக உறைந்து கிடந்தது. பல் நோய்களை அறிவதற்காக அப்போது எடுத்தது அது. சில ஆண்டுகள் கழிந்து இப்போது ஒரு பெண் மருத்துவர், அதே எச்சிலைக் கொண்டு புகையிலை போடும் பெண்களின் வாய்நலத்தை ஆராய விரும்பினார். நோக்கம் மாறிவிட்டதால், கொடுத்தவர்களிடமே மீண்டும் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதி வாசகத்தைப் புரியும் தமிழில் எழுதுவதும், வீடு வீடாகச் சென்று வாசித்துக் காட்டுவதும் என் பணி.

என்னிடம் தரப்பட்ட வரைவில் ‘உமிழ்நீர் மாதிரி’ என்று இருந்தது. ‘உங்கள் எச்சில்’ என்று மாற்றினேன். அச்சில் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறதே என்று மருத்துவர் தயங்கினார்; பிறகு ஒப்புக்கொண்டார். கடைசி வரியை, ‘வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் கொட்டிவிடுவோம்’ என்று எழுதினேன். அப்படி யாரும் சொல்வார்கள் என்று அப்போது நான் எண்ணவில்லை.

வீராம்பட்டினத்தில் பெண்கள் என் தாளைக் கேட்டுச் சிரித்தார்கள். எச்சில் பட்ட தம்ளரைக்கூடத் தனியே ஒதுக்கி வைக்கும் வீடுகளில், எச்சிலைப் பூட்டிவைத்துக் காப்பாற்றுகிறோம் என்பது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

“ஐஸ்ல வெச்ச மீனையே மறுநாளு எவளும் சீந்த மாட்டா. அத்தன நாளு எச்சில வெச்சிக்கினு இன்னா பண்றாங்க?” என்றாள் ஒருத்தி.

“ஐஸ்ல வெச்சாலும் உன் எச்சிலு வெல போவாதுடி” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

சிரித்தபடியே கையெழுத்தோ கைநாட்டோ இட்டார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. நகரத்து மார்க்கெட்டில் மீன் விற்பவர். நாற்பதை ஒட்டிய வயது. வாசலில் மீன்கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டவர், கடைசி வரி வந்ததும் கையை நிறுத்தினார்.

“அத இன்னொரு வாட்டி படி பாப்பா.”

படித்தேன்.

“அப்ப என்னுத கொட்டிடச் சொல்லு.”

காரணம் கேட்பது என் வேலையல்ல. என் இயல்பும் அல்ல. சரியென்று குறித்துக்கொண்டேன். நான் கேட்காததாலோ என்னவோ, அவரே குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அப்ப நான் பொகயில போட்டுக்கினு இருந்தேன். மார்க்கெட்டுல மட்டுந்தான், ஊட்டுல யாருக்கும் தெரியாது. கேம்புல கேட்டப்ப மாமியா பக்கத்துல நிக்குது. இல்லன்னுட்டேன். அப்பறம் ஈறு புண்ணாயி, நானே விட்டுட்டேன். இப்ப எம் புள்ள போட்ல போறான். வாயில எந்நேரமும் அதுதான். உங்கம்மா வாயில இது பட்டிருக்குமாடான்னு கேட்டுத்தான் தெனம் திட்றேன். அந்த எச்சிலு அங்க உக்காந்துக்கினு வேற கத சொல்லிச்சின்னா, எம் பேச்ச அவன் மதிப்பானா?”

குழாயில் பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும் என்றேன்.

“நம்பர வெச்சித்தான் ரேஷன் கடையிலயும் எங்கள கண்டுபுடிக்கிறான்” என்றார். “கொட்டிட்டோம்னு நீங்க சொல்லுவீங்க. நான் கண்ணால பாக்கணும்.”

அவர் பார்க்க விரும்புகிறார் என்பதை மட்டும் மருத்துவரிடம் தெரிவித்தேன். முகாமுக்கு வந்தவர்களில் பலர் ஊர் மாறிப் போயிருந்ததால், அனுமதி தந்தவர்கள் குறைவு. ஒவ்வொரு குழாயும் மருத்துவருக்கு வேண்டியிருந்தது. முகம் சற்று வாடினாலும், பேசிப் பாருங்கள் என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. “வரச் சொல்லுங்க” என்றார்.

அடுத்த வாரம் மீன்காரர் வியாபாரம் முடித்து, பஸ் பிடித்து வந்தார். குளிர்பெட்டியைத் திறந்ததும் வெண்புகை வழிந்தது. உள்ளே தட்டுத் தட்டாக, ஒன்றுபோலவே குழாய்கள். எது எவருடையது என்று மருத்துவருக்கே தெரியாது. பெயர்ப் பட்டியலை வைத்திருந்த ஊழியர் வேறு கட்டடத்திலிருந்து வந்து எண்ணைச் சொல்ல வேண்டியிருந்தது. சுண்டுவிரல் அளவுக் குழாயின் அடியில் கலங்கலான சிறு பனிக்கட்டி.

மீன்காரர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். “நான் விட்டுட்டேன். இது இன்னும் விடல போல.”

மருத்துவர் நிமிர்ந்தார். “என்னத்த விட்டீங்க?”

“நீ சொல்லலியா பாப்பா?”

“எங்கிட்டதானேக்கா சொன்னீங்க” என்றேன். என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, மருத்துவரிடம் அனைத்தையும் அவரே சொன்னார்.

கேட்டு முடித்த மருத்துவர் சொன்னார்: “போடறவங்க எச்சில் இருக்கு, போடாதவங்க எச்சில் இருக்கு. ஒரே ஆள் போட்டப்ப ஒண்ணு, விட்ட பிறகு ஒண்ணு, அப்படி எங்ககிட்ட இல்லம்மா. விட்டா வாய் எவ்வளவு தேறும்னு அதுலதான் பாக்க முடியும். அதுக்காகக் குடுத்தே ஆகணும்னு இல்ல. கொட்டச் சொன்னா இப்பவே கொட்டிடறேன்.”

மருத்துவரின் கையுறையில் இருந்த குழாய் வியர்க்கத் தொடங்கியிருந்தது.

“தேறுமா?”

“தேறும்னு நம்புறோம். சரியாத் தெரிஞ்சிக்கத்தான் இந்த வேலையே.”

“அப்ப எம் புள்ள விட்டாலும் தேறும்.” மருத்துவர் கையிலிருந்த குழாயைக் காட்டினார். “உள்ள வையிங்கம்மா. மீனாட்டம் கையில வெச்சிக்கினு நின்னா கெட்டுடப் போவுது.”

அன்றே புதிதாக ஒரு குழாயில் எச்சில் தந்தார். முகாமில் சொன்ன பதிலை அழித்துவிடச் சொன்னார். பழையதை அழிக்க முடியாது, புதிய பதிலைப் பக்கத்தில் எழுதலாம் என்றார் மருத்துவர். “இருக்கட்டும். பொய் சொன்னது நான்தான” என்றார் அவர்.

பஸ் நிறுத்தத்தில் என்னிடம் கேட்டார்: “எம் புள்ளகிட்ட எப்படி ஆரம்பிக்கிறது? நீ படிக்கிற பொண்ணு, சொல்லு.”

“விட்டத மொதல்ல சொல்லுங்கக்கா.”

தலையசைத்தார். “போட்டத மொதல்ல சொல்றேன். அப்பதான் விட்டத நம்புவான்.”

வேலை முடிய ஒரு வாரம் இருக்கையில், ஒரு காலை அவர் மீண்டும் வந்தார். பின்னால், அவரைவிட ஒரு தலை உயரமான மகன். கன்னத்தின் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

“இவன் உட்றேன்னு சொல்லிட்டான். போட்டப்ப உள்ள எச்சில இன்னிக்கே எடுத்து வெச்சிக்குங்க” என்றார் மருத்துவரிடம்.

“இன்னிக்கே உட்றேன்னு நான் எங்க சொன்னேம்மா? நம்மூரு கோயிலு ஆடித்தேர் முடியட்டும்னேன்.”

“தேருக்கும் உன் வாயிக்கும் இன்னாடா?”

இந்த ஆய்வில் ஆண்கள் இல்லை என்றார் மருத்துவர். சேர்க்க வேண்டுமானால் தனி அனுமதி வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். பிறகு என் பக்கம் திரும்பி, ஆண்களுக்கும் ஒரு தாள் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன்.

“சில வாரமா? அப்ப தேரே வந்துடும்” என்றான் மகன், நிம்மதியாக.

“அதுவரிக்கும் போடலாம்னு உனக்கு யாரு சொன்னது?”

அவன் எழுந்து வெளியே போய், வாயிலிருந்ததை மதிலோரம் துப்பினான். தண்ணீர்க் குழாயடியில் வாயைக் கொப்பளித்தான். உள்ளே வந்து அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.