விடு என்றானா, அடி என்றானா

எங்கள் கல்லூரி அணியின் கோல்கீப்பருக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்து இரண்டு மாதம் கழித்துத்தான் அவனைப் பார்க்கப் போனேன். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். போய் என்ன பேசுவது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். எங்களோடு இடது விங்கில் ஆடியவன் இப்போது ஒலக்கூர் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் செய்கிறான். அவன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்து, "நானும் வர்றேன், ஸ்டேஷனுக்கு வந்துடு" என்றான். திண்டிவனத்தில் ரயிலேறி விழுப்புரத்தில் இறங்கும்வரை மழையைப் பற்றியே பேசினோம்.

அந்தக் காலத்தில் கோல்கீப்பர் போடும் சத்தம் மைதானத்துக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கும் கேட்கும். நான் அவனுக்கு முன்னால் தடுப்பாட்டக்காரன். இரண்டு வருடம் பந்தைப் பார்த்து ஆடியதைவிட அவன் குரலைக் கேட்டு ஆடியதே அதிகம்.

அவன் மனைவிதான் கதவைத் திறந்தார்.

"வாங்கண்ணா. காலையிலேருந்து உங்களைத்தான் எதிர்பார்த்துக்கினு இருக்காரு."

மெலிந்திருந்தான். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. மடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. என்னைப் பார்த்ததும் அதில் எழுதிக் காட்டினான்: "தொப்பை போட்டுட்ட."

ஒலக்கூர்க்காரன் உட்கார்ந்ததுமே பழைய சண்டையை எடுத்தான். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் அரையிறுதி. கடைசி ஐந்து நிமிடம். எங்கள் கோலை நோக்கி வந்த பந்தை உதைக்க நான் காலைத் தூக்கிவிட்டேன். பின்னாலிருந்து அவன் கத்தினான். நான் காலை இழுத்துக்கொண்டேன். பந்து எங்கள் இருவரையும் தாண்டிக் கோலுக்குள் போய்விட்டது. 'விடு' என்று கத்தினான் என்பது என் கட்சி. 'அடி' என்றுதான் கத்தினேன் என்பது அவன் கட்சி. எத்தனையோ கல்யாண வீடுகளில் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. எப்போதும் அவன்தான் ஜெயிப்பான்.

"சென்டர் லைன்ல நின்னுக்கினு இருந்த எனக்கே 'அடி'ன்னு கேட்டுச்சு. இவனுக்குக் காது பேஜாரு" என்றான் ஒலக்கூர்க்காரன், வழக்கம்போல.

கோல்கீப்பர் நோட்டை எடுத்தான். நிறைய எழுதினான். என்னிடம் நீட்டினான்.

"விடுன்னுதான் சொன்னேன். பந்து என் கைக்கு வரும்னு நினைச்சேன். கேப்டன் மூஞ்சியைப் பார்த்ததும் மாத்திச் சொல்லிட்டேன். அப்புறம் திரும்ப மாத்த முடியல."

இரண்டு முறை படித்தேன். சந்தோஷம் வரவில்லை. கோபம் வந்தது.

"அந்தக் கோலாலதான்டா அடுத்த வருஷம் என்னை டீம்லேருந்து எடுத்தாங்க" என்றேன்.

"தெரியும்" என்று எழுதினான். கீழே இன்னொரு வரி: "இனிமே கத்தி ஜெயிக்க முடியாது. அதான் சொல்லிட்டேன்."

அவன் தோள்கள் குலுங்கின. அழுகிறானோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தான், சத்தமே இல்லாமல். ஒலக்கூர்க்காரன் நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, "அப்போ எனக்குக் கேட்டது என்னா?" என்றான். அதற்கு நானும் சிரித்துவிட்டேன்.

அவன் மனைவி சாப்பிடக் கூப்பிட்டார். எனக்கு முதல் மீன் துண்டை அவனே எடுத்து வைத்தான். அவனுக்குக் குழையப் பிசைந்த சோறு. கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நான்கு மணி ரயிலைப் பிடிக்க நினைத்தவர்கள், பேசிக்கொண்டே அதை விட்டுவிட்டோம். அடுத்த வண்டிக்கு அவனும் ஸ்டேஷன்வரை நடந்து வந்தான்.