போகியில் எரித்த ஏழு கொடிகள்

ஆகஸ்டில் எங்கள் தெரு முழுக்கத் தேசியக் கொடி ஏற்றினோம். ஏற்றும்போது செல்ஃபி என்ன, மிட்டாய் என்ன, ஒரே அமர்க்களம். இறக்குவதற்குத்தான் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும் பட்டு, தை பிறப்பதற்குள் காவி வெளுத்துப் பச்சை ஓரம் நூல் நூலாகத் தொங்கியது. எதிர்வீட்டுக் கொடி டிஷ் ஆன்டெனாவில் சுற்றிக்கொண்டு, காக்கா எச்சத்தோடு கிடந்தது.

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் தையல் கடை வைத்திருப்பவள் நான். பிய்ந்த துணியைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா? எங்கள் வீட்டுக் கொடிக்கு இரண்டு தடவை ஓரம் அடித்தேன். மூன்றாவது தடவை, ஊசி இறங்கிய இடமெல்லாம் கிழிந்தது.

போகிக்கு முதல் நாள் வீடு வீடாகக் கேட்டு, எங்களுடையதோடு சேர்த்து ஏழு கொடிகளை இறக்கி வாங்கினேன். குப்பை வண்டியில் போட மனசு வரவில்லை. பழைய சாமி படத்தையே நாம் குப்பையில் போடுவதில்லையே! போகியன்று விடியலில், பழைய பாய், துடைப்பம் எதையும் சேர்க்காமல் வாசலில் தனியாகத் தீ மூட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, மடித்த கொடிகளை ஒவ்வொன்றாக வைத்துக் கும்பிட்டேன்.

செல்போன் கடைக்காரத் தம்பி எதிரே நின்றது தெரியும். படம் பிடிக்கிறான் என்று தெரியாது. அவன் எடுத்தது இருபது வினாடி. செருப்பைக் கழற்றியதும் அதில் இல்லை, கும்பிட்டதும் இல்லை. தீயும் கொடியும் நானும் மட்டும். ‘நம்ம ஊர்லயும் தேசத்துரோகி’ என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். இட்லி வேகுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

நேராக அவன் கடைக்குப் போனேன். “ஏப்பா, உன் பொண்டாட்டிக்குப் போன வாரந்தான ஜாக்கெட்டு தெச்சுக் குடுத்தேன்? நான் துரோகியா?”

“எனக்குப் பட்டத நான் போட்டேங்கக்கா. பேச்சு சுதந்திரம் இருக்குதில்லீங்க?”

“உனக்கு சுதந்திரம், எனக்கு ஸ்டேஷனா? நல்லா இருக்குதுடா உங்க நியாயம்!”

சொன்ன வாய் மூடவில்லை. யாரோ மனு கொடுத்துவிட்டார்கள். மாட்டுப் பொங்கலன்று ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள்.

வேறு சமயமாக இருந்தால் ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். ஆனால் என் மகள் அப்போதுதான் போலீஸ் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். அப்பா இல்லாத பிள்ளை. இரண்டு வருஷம் அரூர் ரோட்டில் ஓடி ஓடி வாங்கிய வேலை. வெரிஃபிகேஷன் மட்டும் பாக்கி. அம்மா மேல் கேஸ் இருந்தால் பெண்ணுக்கு வேலை கொடுப்பார்களா, மாட்டார்களா? கேட்ட இடத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. ஒரு அம்மாள், நல்ல மாதிரி. செல்போனில் விதியைத் தேடிப் படித்தவர், தானே சிரித்துவிட்டார். “கிழிஞ்ச கொடிய எரிக்கலாம்னு விதியே சொல்லுதுங்க. ஆனா நாலு பேர் பாக்காத எடத்துல, மரியாதையா எரிக்கணும். வூட்டுக்குப் பின்னால எரிச்சிருந்தீங்கன்னா பிரச்சினையே இல்ல.”

“பின்னால கோழிக் கூண்டு இருக்குதுங்க. அந்த நாத்தத்துலயா மரியாத பண்றது?”

என்னோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் கேஸ் போடாமல் மனுவை முடித்துவிடலாம் என்றார் எஸ்.ஐ. வாசகத்தையும் அவரே சொன்னார். தேசியக் கொடியை அவமதித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். எனக்குப் பேனா ஓடவில்லை. வாசலில் எரித்தது தப்பென்றால் எழுதுகிறேன். அவமதித்தேன் என்று எப்படி எழுதுவது? தெருவிலேயே அதை மதித்து இறக்கியவள் நான் ஒருத்திதானே! குழாயில் தண்ணீர் வராத ஆத்திரத்தில் ஒருவன் கொடியை எரித்தால்கூட, உனக்கு என்னப்பா குறை என்று கேட்க ஒரு ஆள் வேண்டாமா? நானோ ஆத்திரத்திலும் எரிக்கவில்லை.

“அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துடலாங்களா?”

“மனு குடுத்தவங்க அதத்தாம்மா கேக்குறாங்க.”

மகளைப் பார்த்தேன். அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எழுதும்மா” என்றாள். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கை எரிந்தது.

சித்திரையில் வேலைக்கான ஆர்டர் வந்தது. பயிற்சிக்கு வழியனுப்பப் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். செல்போன் கடைத் தம்பியும் வந்து அவளோடு ஃபோட்டோ எடுத்து, ‘ஊருக்கே பெருமை’ என்று ஸ்டேட்டஸ் போட்டான். அவனைத் திட்டக்கூட எனக்கு அன்று நேரமில்லை, அவ்வளவு சந்தோஷம். சந்தோஷம் முற்றி, விளையாட்டாகத்தான் கேட்டேன்.

“ஏம்புள்ள, அன்னிக்கி அந்த எஸ்.ஐ. சேர்ல நீ உக்காந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?”

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் யோசித்தாள்.

“எழுதி வாங்கியிருப்பேம்மா.”

“அந்த வார்த்தையோடவா? நான் எந்த மனசோட எரிச்சேன்னு உனக்குத் தெரியுமில்ல?”

“மகளா தெரியும். அந்தச் சேர்ல உக்காந்தா, எனக்கு முன்னால மனுவும் வீடியோவுந்தான் இருக்கும்.”

பஸ் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டினாள். எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. பயமாகவும் இருந்தது. நான் பெற்ற பிள்ளையைப் பார்த்து நான் பயந்தது அதுதான் முதல் தடவை.