குப்புறப் படுத்தபடி சொன்ன ஓகே

என் வலது கால் செருப்பு என்னை விட்டுப் பிரிந்த செய்தியை முதலில் சொன்னவர், ஓசூர் பாகலூர் ரோட்டில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மா.

"அண்ணா, செருப்பு இங்கயே நிக்குது, நீங்க மட்டும் போறீங்க. ரெண்டு பேருக்கும் சண்டையா?"

திரும்பிப் பார்த்தேன். செருப்பு கடை வாசலில் இருந்தது. நான் ரோட்டைத் தாண்டி, கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கே வந்துவிட்டேன். தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன், அது அந்தக் காலுக்கே தெரியவில்லை. சிரித்துக்கொண்டே போய் மாட்டிக்கொண்டேன். மாட்டும்போது கட்டைவிரலை மேலே தூக்கப் பார்த்தேன். அது என் பேச்சைக் கேட்கவில்லை.

அதுவரை முதுகுவலி எனக்கு ஒரு தமாஷ்தான். லாரிக்கு கியர் பாகங்கள் செய்கிற கம்பெனியில் லைன் லீடராக இருக்கிறேன். ஷிப்ட் முழுக்க நிற்பதும் நடப்பதும்தான் வேலை. இடுப்பு பெல்ட்டைச் சட்டைக்கு மேலேயே கட்டிக்கொண்டு, குஸ்தியில் ஜெயித்து வாங்கியது என்று கேன்டீனில் அளந்துவிடுவேன். ஜூஜுவாடிப் பக்கம் ஒருவர் முதுகில் ஏறி மிதித்தே வலியைப் போக்குகிறார் என்று கேள்விப்பட்டு, அங்கே போய்க் காசு கொடுத்து மிதியும் வாங்கி வந்தேன். ஆனால் தூக்கச் சொன்னால் தூக்காத விரலை வைத்து என்ன ஜோக் அடிப்பது?

கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார்.

"முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துது. வெறும் வலின்னா மாத்திரை, பிசியோன்னு பாத்திருப்பேன். பாதம் தொங்க ஆரம்பிச்சிடுச்சு. இனிமே தள்ளிப் போடக் கூடாது."

பெரிதாக வெட்ட மாட்டாராம். இடுப்புக்குப் பக்கவாட்டில் பேனா நுழைகிற அளவுக்கு ஒரு துளை போட்டு, அது வழியாகவே கேமராவும் கருவியும் உள்ளே போகுமாம். எல்லாம் சரியாக நடந்தால் மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்.

"பாதம் பழையபடி வருமாங்க டாக்டர்?" என்று என் மனைவி கேட்டாள்.

"வரும்னு நம்பறேன். கியாரண்டி குடுக்க மாட்டேன்மா."

முழு மயக்கமும் கிடையாது என்றார். துளை போடும் இடத்தை மரக்கவைத்து, பதட்டம் குறைய லேசாக ஒரு ஊசி போடுவார்கள், அவ்வளவுதான். கருவி நரம்பை ஒட்டியே போகும். காலில் இழுத்தாலோ ஷாக் மாதிரி அடித்தாலோ நான் உடனே சொல்லியாக வேண்டும். "அதை உங்களைத் தவிர யாரும் எனக்குச் சொல்ல முடியாது. அதுக்காகத்தான் உங்களை முழிச்சிருக்க வைக்கறேன்."

"அந்தக் கவலையே வேணாங்க டாக்டர்," என்றாள் மனைவி. "இவரு பேசிகினே இருப்பாரு. கடைசில உங்களுக்குத்தான் மயக்கம் வரும்."

ஆபரேஷன் நாளன்று என்னை ஒரு மேஜைமேல் குப்புறப் படுக்கவைத்தார்கள். முகத்தை ஒரு பக்கம் திருப்பி வைத்ததில் எனக்குத் தெரிந்தது பச்சைத் துணியும் ஒரு நர்ஸின் இடுப்பும்தான். ஊசி ஏறியது. முதுகுக்குள் யாரோ கட்டை விரலால் அழுத்துகிற மாதிரி இருந்தது. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கேமராவுக்கு வழி தெளிவாகத் தெரிய உப்புத் தண்ணீர் விடுவார்களாம். "சர்வீஸுக்கு வந்த வண்டிக்கு வாட்டர் வாஷா சார்?" என்றேன். டாக்டர் சிரித்தார். எனக்குத் தெம்பு வந்தது.

அப்போது தொடையிலிருந்து பாதம் வரைக்கும் வெல்டிங் பொறி மாதிரி ஒன்று ஓடியது.

"கால்ல ஏதாவது இழுக்குதா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஓகே சார்," என்றேன்.

இந்த ஓகே எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும். எங்கள் லைனில் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். ஏதாவது கோளாறு என்றால் யார் வேண்டுமானாலும் இழுத்து லைனை நிறுத்தலாம் என்று சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள். இழுத்தால் சிவப்பு விளக்கு சுழலும், பாட்டு ஒலிக்கும், மேனேஜர்கள் நாலா பக்கமிருந்தும் ஓடி வருவார்கள். "யார் நிறுத்தினது?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. அதனால் கயிறு மேலே ஓடும், நாங்கள் கீழே ஓடுவோம். மேனேஜர் நடந்து வந்து "எல்லாம் ஓகேவா?" என்று கேட்டால், பின்னால் மெஷின் புகைந்துகொண்டிருந்தாலும் "ஓகே சார்" என்போம். அந்தப் பதிலுக்கு மூளை தேவையில்லை, வாயே சொல்லிவிடும். முதுகில் ஓட்டை போட்டுக் கிடக்கும்போதும் என் வாய் டியூட்டியிலேயே இருந்தது.

டாக்டர் பக்கத்தில் நின்ற உதவியாளரிடம் கன்னடத்துக்கு மாறினார். நரம்பு அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது, பார்த்து, என்றார். எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார். ஓசூரில் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்துகிறவனிடம் கன்னடத்தில் ரகசியம் பேசலாமா? ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

மறுபடி பொறி ஓடியது. இந்தத் தடவை கெண்டைக்கால் தானாகத் துள்ளியது.

"இப்ப எப்படி இருக்கு?"

"ஓகே சார். லேசா கரன்ட் வருது, வீட்டுக்கு ஒரு கனெக்‌ஷன் குடுத்துடலாம்."

நிஜத்தை ஜோக்குக்குள் வைத்துச் சொல்கிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. கேட்கிறவர் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்வார். உதவியாளர் சிரித்தார். டாக்டர் ஒரு நொடி நிறுத்தினார், நிஜமாகவா என்றார். நான் "இல்ல சார், சும்மா" என்றேன். கருவி மறுபடி நகர்ந்தது.

திடீரென்று வலி நின்றது. அப்பாடா என்றுகூட நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. ரோட்டில் வெறுங்காலோடு நடந்தபோதும் இப்படித்தான், வலிக்கவே இல்லை. முட்டிக்குக் கீழே காலைத் தேடினேன். அங்கே பஞ்சு மூட்டை மாதிரி ஏதோ கிடந்தது, அது என்னுடையது இல்லை. சொல்ல வாயைத் திறந்தால் ஓகேதான் முன்னால் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டுக் கத்தினேன்.

"நிறுத்துங்க சார்!"

உடனே நிறுத்தினார். யார் நிறுத்தினது என்று ஒருவரும் கேட்கவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"கருவியைப் பின்னால எடுத்துட்டேன். என்ன ஆச்சு?"

"கால் காணோம் சார்."

"எப்ப இருந்து இழுக்குது?"

"முதல்ல கேட்டீங்களே, அப்ப இருந்து."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உள்ள நான் உங்களை நம்பித்தான் போறேன்," என்றார். "மீட்டரே பொய் சொன்னா நான் என்ன பண்றது? சரி. கட்டைவிரலை மேல தூக்குங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். குப்புறக் கிடப்பவனுக்குத் தன் கால் தெரியாது. நர்ஸ் துணியை விலக்கிப் பார்ப்பது மட்டும் தெரிந்தது.

"தூக்கிட்டேன் சார்."

"இல்ல," என்றார் நர்ஸ், மெதுவாக. "இன்னும் தூக்கல."

ஷிப்ட் முழுக்க நடக்கிற என் லைன் கண்முன் வந்தது. அதில் ஒருவன் காலை இழுத்து இழுத்துப் போனான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் விடுவோம், நரம்பு ஆறட்டும் என்று டாக்டர் கன்னடத்தில் சொன்னார். பிறகு என்னிடம் அதையே தமிழில் சொல்ல ஆரம்பித்தார். "புரிஞ்சுது சார்," என்றேன். "அய்யோ, கன்னடமும் வருமா?" என்றார்.

காத்திருந்தோம். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

"இப்ப தூக்குங்க."

தூக்கினேன்.

"அசையுது சார்," என்றார் நர்ஸ். என்னிடம் இல்லை, டாக்டரிடம். "லேசா. ஆனா அசையுது."

டாக்டர் கோணத்தை மாற்றி மறுபடி உள்ளே போனார். அதற்குப் பிறகு என் ஓகே எதையும் அவர் அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. "நிஜ ஓகேவா, கம்பெனி ஓகேவா?" என்பார். நானும் திருந்தி, மறுபக்கம் சாய்ந்துவிட்டேன். இழுக்குது என்றேன், இப்ப இல்லை என்றேன், மூக்கு அரிக்குது என்றேன். மூக்கு எங்க டிபார்ட்மென்ட் இல்லை என்று நர்ஸ் சொன்னார், ஆனாலும் சொறிந்துவிட்டார். ஒரு கட்டத்தில் உள்ளே ஏதோ பிடுங்கியது. தொடையில் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போனது. பிடுங்கியதைக் காட்டினார்கள். வெந்த நண்டுச் சதை மாதிரி வெள்ளையாக ஒரு துணுக்கு. இவ்வளவு சின்னதா என்னை இந்தப் பாடு படுத்தியது என்று வெட்கமாகிவிட்டது.

சாயங்காலம் என்னை எழுப்பி நிற்கவைத்தார்கள். முதுகில் வலித்தது. வலிக்குது என்றேன். அறையிலேயே பாத்ரூம். அதற்கு விரல்கடை உயரத்தில் ஒரு நிலைப்படி. மனைவி என் கையைப் பிடித்து அது வரைக்கும் கூட்டிப்போனாள். கையை விட்டுவிட்டு, என் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வலது காலைத் தூக்கினேன். நுனி கொஞ்சம் தொங்கியது. படியில் உரசப்போகிறது என்று நினைத்தேன். உரசாமல் தாண்டி, அந்தப் பக்கம் தரையில் ஊன்றியது.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ தாண்டுங்க," என்றாள். "நான் சரியா பாக்கல."

பின்னால் வந்து, மறுபடி தாண்டினேன்.